ஒரு மீன் பெயரின் வேரைத் தேடும் முறை: சால்மனை முன்வைத்து

ஒரு மீனின் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஆராய்பவர், முதலில் அதன் வடிவங்களை மொழிவாரியாகத் திரட்டி இனம் பிரிக்க வேண்டும். சால்மன் மீனுக்கு ஜெர்மனிலும் சுவீடிஷிலும் லக்ஸ், லிதுவேனியனில் லஷிஷா, ரஷ்யனில் லசோஸ் என்று ஓர் இனம் அமைகிறது. லத்தீன் சால்மோவிலிருந்து கிளைத்த பிரெஞ்சு சோமோன், ஸ்பானிஷ் சல்மோன், இத்தாலிய சல்மோனே ஆகியவை வேறோர் இனம்.

காதுக்கு ஒத்து ஒலிப்பதை மட்டும் உறவுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அதே ஒலிமாற்றம் வேறொரு சொல்லிலும் நிகழ்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியின் அச்சைக் குறிக்கும் சொல் ஜெர்மனில் அக்ஸெ, லிதுவேனியனில் அஷிஸ், ரஷ்யனில் ஓஸ். மீன் பெயரில் கண்ட க்ஸ், ஷ், ஸ் என்ற வரிசை இங்கும் பிசகாமல் வருவதால், அம்மூன்று மீன் பெயர்களும் ஒரே மூதாதைச் சொல்லின் வழிவந்தவை என்று துணியலாம்.

அடுத்து, கடன்சொற்களைக் களைய வேண்டும். பின்னிஷ் லொஹி லிதுவேனியன் போன்ற பால்டிக் மொழிகளிடமிருந்தும், ஹங்கேரிய லொசொட்ஸ் ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளிடமிருந்தும் பெற்றவை. ஆங்கிலத்தின் கதை இன்னும் சுவையானது: பழைய ஆங்கிலத்தில் இருந்த லெயக்ஸ், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் வந்த பிரெஞ்சுச் சொல்லுக்கு இடம்விட்டு வழக்கொழிந்தது, பல நூற்றாண்டுகள் கழித்து அதன் உறவுச்சொல்லே ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி வழியாக, பதப்படுத்திய சால்மனைக் குறிக்கும் லாக்ஸ் என்று ஆங்கிலத்துக்குள் திரும்பி வந்தது.

சொல்லின் பொருளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பால்டிக் கடலில் சேரும் ஆறுகளில் சால்மன் வாழ்வதால், இந்த மூதாதைச் சொல்லை வழங்கிய, பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளுக்கு மூலமான மொழியைப் பேசிய இந்தோ-ஐரோப்பியரின் தாயகமும் அப்பகுதியே என்று முன்பு சிலர் வாதிட்டனர். ஆனால் மத்திய ஆசியாவின் தாரிம் படுகையில் வழங்கி மறைந்த, அதே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த தொக்காரியன் பி மொழியில் லக்ஸ் என்பதற்கு வெறுமனே ‘மீன்’ என்றே பொருள். காக்கசஸ் பகுதியின் ஒசெத்திய மொழியிலும் இதன் உறவுச்சொல் உண்டு. எனவே ஒரு சொல்லைக் கொண்டு தாயகத்தைக் குறிப்பது, என் கருத்தில், அவசரமான முடிவு.

சால்மோ என்பதை ‘தாவுதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையான சலீரேயோடு இணைக்கும் விளக்கம், நீர்வீழ்ச்சியில் எதிரேறித் துள்ளும் மீனுக்கு அழகாகப் பொருந்துகிறது. அந்த அழகே ஐயத்தைத் தூண்ட வேண்டும். மத்தியதரைக் கடலில் சால்மன் இயல்பாக வாழ்வதில்லை. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி அதை இன்றைய பிரான்ஸின் தென்மேற்கிலுள்ள அக்விட்டானியாவின் ஆற்று மீனாகவே குறிப்பிடுகிறார். ஆகவே குறிப்பேட்டில் லத்தீன் வேர் என்று எழுதாமல், இன்றைய பிரான்ஸ் பகுதியில் இருந்த பழைய கோல் நாட்டின் மொழியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று பதிவதே முறை.