அக்குள் பிளாக்: ஊசி முனை தெரியாமல் மருந்து வேண்டாம்

டர்பன் பக்கம் கரும்புக் கத்தி பட்டுக் கை கிழிந்து வருபவருக்கு அக்குள் பிளாக், அதாவது அக்குளில் ஊசி போட்டுக் கை நரம்புகளை மரக்கச் செய்வது, போதும். முதலில் விரல் உணர்ச்சியைக் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால், பிறகு பழி ஊசிமேல் விழும்.

கையை 90 பாகை விரித்து, அல்ட்ராசவுண்டின் லீனியர் புரோபை (நேர்முக உணரியை) அக்குள் மடிப்பில் குறுக்காக வையுங்கள். திரையில் துடிக்கும் கறுப்பு வட்டம் தமனி. சுற்றிலும் மீடியன், அல்னார், ரேடியல் நரம்புகள். மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு மட்டும் தள்ளி, தசைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அதை விட்டால் முன்கையின் வெளிப்பக்கம் மரக்காது.

புரோபை அழுத்தினால் சிரைகள் நசுங்கி மறையும். மருந்து ரத்தத்தில் போவது இப்படித்தான். தளர்த்திப் பாருங்கள். நரம்புக்கு 5 மி.லி., உறிஞ்சிப் பார்த்தபின். 60 கிலோ ஆளுக்கு 0.5% பியூபிவகெயின் (மரக்கச் செய்யும் மருந்து) 24 மி.லி.யைத் தாண்டாதீர்கள். மருந்து ரத்தத்தில் கலந்து நஞ்சானால் கொடுக்க, 20% லிப்பிட் (கொழுப்புப் பால்மம்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

30 நிமிடம் பொறுத்து, ஐஸ் வைத்து, "தாத்தா, குளிருதா?" என்று கேளுங்கள்.