விடுதி அறைத்தோழருக்கு எழுதும் முதல் செய்தி

விடுதியில் உங்களோடு ஒரே அறையில் தங்கப் போகிறவரின் பெயரும் தொடர்பு எண்ணும் கிடைத்துவிட்டால், சேரும் நாள் வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் ஒரு செய்தி அனுப்பிவிடுவது நல்லது. பெயர், ஊர், பாடப்பிரிவு ஆகியவற்றை இரண்டே வரிகளில் சொல்லி முடித்து, அன்றாடப் பழக்கங்களுக்கு வந்துவிடுங்கள்; அறைக்குள் மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் தூக்கம், வெளிச்சம், சத்தம், சுத்தம் ஆகியவற்றில்தான். "நான் இரவு 11 மணிக்குள் படுத்துவிடுவேன், விளக்கு எரிந்தால் எனக்குத் தூக்கம் வராது; நீங்கள் இரவில் படிப்பவர் என்றால் மேசை விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுதும்போது, உங்கள் இயல்பும் தெரிகிறது, விட்டுக்கொடுக்கும் மனமும் தெரிகிறது. "எனக்கு எதுவானாலும் சரி" என்று எழுதுவது பணிவாகத் தோன்றலாம். ஆனால் அதிலிருந்து அவரால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறட்டை, தூசி ஒவ்வாமை போன்றவற்றை, தயக்கம் இல்லையெனில், இப்போதே சொல்லிவிடுங்கள். வாளி, துடைப்பம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றில் யார் எதைக் கொண்டுவருவது என்று கேட்பதற்கு முன், விடுதி விதிகள் எந்த மின்சாதனங்களை அனுமதிக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் தம் பழக்கங்களைச் சொல்லும் வகையில் ஒரு கேள்வியோடு செய்தியை முடியுங்கள். பதில் வரச் சில நாட்கள் ஆனாலும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.