சின்ன பேனலில் வெயில்மானி: எங்கே தப்பு நடக்கிறது?

சின்ன சோலார் பேனலின் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட்டு, அதில் வரும் வோல்டேஜை மல்டிமீட்டரில் படித்து வெயிலின் அளவை அறிவதுதான் இந்த வெயில்மானி. பிளஸ், மைனஸ் மாறிப்போவது, சால்டர் விட்டுப்போவது எல்லாம் இங்கே வேண்டாம். மீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். சரியாக வேலை செய்வதுபோல் நடிக்கிற தவறுகள்தான் காசைக் கரைக்கும்.

பெரிய ரெசிஸ்டர்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் (பிளஸையும் மைனஸையும் நேராக இணைத்தால் ஓடுவது) வெயிலுக்கு ஏற்றபடி நேர்விகிதத்தில் ஏறி இறங்கும். அதைத்தான் அளக்க வேண்டும். ஆனால் மீட்டரில் பெரிய எண் தெரிய வேண்டும் என்று 100 ஓம் போட்டுவிடுகிறார்கள்.

தெரிந்தவர் ஒருவர் 6 வோல்ட், 100 மில்லிஆம்பியர் பேனலில் இதையே செய்தார். உச்சி வெயிலில் வந்த 6.5 வோல்ட்டை முழு வெயில், அதாவது சதுர மீட்டருக்கு 1000 வாட் என்று குறித்துக்கொண்டார். உண்மையில் 100 மில்லிஆம்பியரும் ஓடினால் 10 வோல்ட் வர வேண்டும். பேனலால் அவ்வளவு தர முடியாது, முட்டி நின்றுவிட்டது. வெயில் பாதியாகும்போது கரண்ட் 50 மில்லிஆம்பியர், அதாவது 5 வோல்ட். அவர் கணக்கில் அது 770 வாட்! மாடியில் இருந்த பேனல்களோ பாதி மின்சாரம்தான் தந்தன. பேனல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, நல்ல பேனலைக் கழற்றிப் புதிதாக வாங்கியும் மாட்டிவிட்டார்.

அதே பேனலில் 1 ஓம் போட்டால் முழு வெயிலுக்கு 100 மில்லிவோல்ட். 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் மீட்டர் 100.0 காட்டும்; புள்ளியை மறந்துவிட்டுப் படித்தால் 1000. இதைவிட என்ன வசதி வேண்டும்?

சந்தேகமா? உச்சி வெயிலில் அதே அளவு ரெசிஸ்டர் இன்னொன்றை இணையாகத் தொட்டுப் பாருங்கள். அளவு சரிபாதியாக வேண்டும். ஆகவில்லை என்றால் ரெசிஸ்டர் பெரிது.

வெறும் வோல்டேஜை அளப்பது

ரெசிஸ்டரே போடாமல் அளப்பது. மேலே சொன்ன அதே வியாதி, முற்றிய நிலை.

லேபிளை நம்புவது

சின்ன பேனல்களின் லேபிளில் எழுதியிருக்கும் கரண்ட் பெரும்பாலும் ஆசைதான். நம்பகமான வெயில்மானி ஒன்றை, மேகமில்லாத நண்பகலில், அதே சாய்வில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பல்பு வெளிச்சத்தில் கேலிபரேட் செய்வது

வேண்டாம். பல்பின் நிறமாலை வேறு, சூரியனுடையது வேறு.

ஒரு கீற்று நிழல்

உள்ளே செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரு செல்லின் மேல் வயர் நிழல் விழுந்தாலும் மொத்தக் கரண்டும் சரியும்.

ஆர்டுயினோவில் அப்படியே கொடுப்பது

ஆர்டுயினோ (சின்ன கன்ட்ரோலர் போர்டு) வோல்டேஜைப் படிபடியாகத்தான் அளக்கும். 5 வோல்ட் அளவுகோலில் ஒரு படி ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அப்படியானால் 1 ஓம் தரும் 100 மில்லிவோல்ட்டுக்கு, அதாவது 1000 வாட்டுக்கு, இருபதே படிகள். ஊனோ R3 போர்டு என்றால் உள்ளிருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு (அளவுகோலுக்கு) மாற்றி, 4.7 ஓம் போடுங்கள். முழு வெயிலுக்கு 0.47 வோல்ட்தான் வரும். மேக விளிம்பில் வெயில் 1000-ஐத் தாண்டும் நேரங்களுக்கும் இடம் இருக்கும்.