புறாவை வீடு திரும்பப் பழக்குவது எப்படி

புறாவுக்கு யாரும் வழி கற்றுக்கொடுக்க முடியாது, கற்றுக்கொடுக்கத் தேவையும் இல்லை. மாடப்புறா வழியில் வந்த எந்தப் புறாவுக்கும் தன் இடம் தேடி வரும் குணம் பிறவியிலேயே இருக்கிறது. சிலதுக்குக் கொஞ்சம், வீடு திரும்புவதற்கென்றே தேர்ந்து வளர்த்த இனமான ஹோமர் புறாவுக்கு நிறைய. நம் வேலை, 'இதுதான் என் இடம்' என்று நம் கூண்டை அதன் மனதில் பதியவைப்பதுதான். பழக்கும்போது தொலைந்துபோகும் பல புறாக்களின் கதையைக் கிளறினால், கோளாறு ஆகாயத்தில் இருக்காது, கூண்டில் இருக்கும்.

எந்தப் புறாவில் தொடங்குவது

வளர்ந்த புறாவை வாங்கிவந்து இரண்டு வாரம் அடைத்துவைத்துத் திறந்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. அது கூரைமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய வீட்டைப் பார்த்துப் போய்விடும். மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தாலும் அப்படிப் போன புறாக்கள் உண்டு. வளர்ந்த ஜோடி கையில் இருந்தால் பறக்கவிடாதீர்கள். குஞ்சு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை, 17 அல்லது 18 நாள் அடை. நான்கு வாரத்தில் குஞ்சு தானே தீவனம் பொறுக்க ஆரம்பித்துவிடும். உங்கள் கூண்டில் பிறந்த அந்தக் குஞ்சுக்கு வேறு வீடே தெரியாது.

வெளியில் குஞ்சு வாங்குவதானால் 28 முதல் 35 நாள் வயதுக்குள் வாங்குங்கள். வயதை விற்பவர் வாயால் கேட்பதைவிடக் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. தலையில் மஞ்சள் பூமயிர் நாலைந்து இழை இன்னும் ஒட்டியிருக்கும். இறக்கையைத் தூக்கினால் அடியில் இறகு மூடாத தோல் தெரியும். குரல் கீச்சென்று இருக்கும். கூரைமேல் பறந்து பழகிவிட்ட குஞ்சு வேண்டாம். அது ஏற்கெனவே ஒரு வீட்டை மனதில் குறித்துக்கொண்டுவிட்டது.

காலில் வளையம் போடுவதானால் குஞ்சுக்கு 6 முதல் 8 நாளுக்குள் போட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டிப் பிடித்து மேலே ஏற்றி, பிறகு பின்விரலை வெளியே இழுத்துவிடுங்கள். அந்த வாரம் தவறினால் பாதம் பெருத்துவிடும், மூடிய வளையம் ஏறாது.

ஓடிவிடுமே என்று பயந்து இறக்கையை வெட்டிவிடாதீர்கள். வெட்டிய இறகு அடுத்த இறகு உதிர்வு வரை வளராது. பழக்க வேண்டிய மாதங்கள் அத்தனையும் வீணாகும்.

கூண்டில் கவனிக்க வேண்டியது

ஈரம் தங்காத, தரையிலிருந்து உயர்ந்த கூண்டு. புறாக்களின் எண்ணிக்கையைவிட உட்காரும் இடங்கள் கூடுதலாக இருக்க வேண்டும். இடத்துக்குச் சண்டை போடும் கூண்டுக்குத் திரும்பிவர எந்தப் புறாவும் அவசரப்படாது. ஒரு பக்கமாவது முழுக்கக் கம்பிவலையாக இருக்கட்டும். இது வெறும் காற்றோட்டத்துக்காக மட்டும் அல்ல. 1970களில் இத்தாலியில் ஃப்ளோரியானோ பாப்பி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த சோதனைகளில், புறா வழி கண்டுபிடிக்க வாசனையையும் நம்புகிறது என்று தெரிந்தது. எந்தத் திசைக் காற்றில் எந்த வாசனை வருகிறது என்பதைக் குஞ்சு கூண்டில் உட்கார்ந்தபடியே பழகிக்கொள்கிறது. காற்றை மறைத்து வளர்த்த புறாக்கள் தூரத்தில் விட்டபோது தடுமாறின. நான்கு பக்கமும் பலகை அடித்த கூண்டு அதனால்தான் ஆகாது.

இரவெல்லாம் விளக்கு எரியவிடுவதும் வேண்டாம். சூரியன் நிற்கும் இடத்தைத் தன் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் புறா திசை பிரிக்கிறது. செயற்கை ஒளியால் அந்தக் கடிகாரத்தை ஆறு மணி நேரம் நகர்த்திய சோதனைகளில் புறாக்கள் ஏறக்குறைய 90 பாகை விலகிக் கிளம்பின.

இனி வாசல். வாசலுக்கு வெளியே ஓரடி அகலத்தில் இறங்கு பலகை ஒன்று. வாசலில் மேலிருந்து தொங்கும் மெல்லிய கம்பிகள், ஒன்றரை முதல் இரண்டு அங்குல இடைவெளியில். கீழ்நுனி உள்பக்கம் மட்டும் ஆட வேண்டும். வெளிப்பக்கம் ஒரு சட்டத்தில் முட்டி நிற்க வேண்டும். புறா நெஞ்சால் தள்ளி உள்ளே வரும், திரும்பிப் போக முடியாது. கம்பி கனமாக இருந்தால் குஞ்சு பயந்து நின்றுவிடும். அலுமினியக் கம்பி போதும்.

டப்பா சத்தம்

ஒரு புறாவுக்கு நாளைக்கு ஏறக்குறைய 30 கிராம் தானியம். மக்காச்சோளம், கோதுமை, கம்பு, பட்டாணி கலந்து இருக்கட்டும். தனிக் கிண்ணத்தில் நொறுக்கிய சிப்பி ஓடு. தண்ணீர் தினமும் புதிது. தீவனத்தை எப்போதும் நிரப்பி வைக்கக் கூடாது. காலை, மாலை இரண்டு வேளை. ஒவ்வொரு முறையும் தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கிவிட்டுத்தான் போட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பத்து நாளில், டப்பா அசைந்ததுமே குஞ்சுகள் கழுத்தை நீட்டி உங்கள் கையைப் பார்க்கும். அந்தப் பார்வை வராதவரை கதவைத் திறக்காதீர்கள்.

பசி வேறு, பட்டினி வேறு. நெஞ்சு எலும்பைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை நிறைந்திருக்க வேண்டும். கத்தி முனைபோலக் கையில் தட்டினால் தீவனம் போதவில்லை, அல்லது நோய்.

வெளியே விடும் முன்

இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். பலகைமேல் ஒரு கம்பிக்கூடையைக் கவிழ்த்து, குஞ்சுகளைத் தினமும் ஒரு மணி நேரம் அதற்குள் விடுங்கள். கூரை, மரம், பக்கத்துச் சுவர் எல்லாவற்றையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பார்க்கட்டும். பிறகு டப்பாவைக் குலுக்கி வாசல் வழியே உள்ளே வரவையுங்கள். முதல் இரண்டு நாள் தொங்கு கம்பிகளில் நாலைந்தைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். அடுத்து இரண்டை இறக்குங்கள், பிறகு எல்லாவற்றையும். தயங்கும் குஞ்சை மெதுவாகக் கையால் தள்ளி, கம்பி தன் முதுகில் உரசுவது வலிக்காது என்று காட்டுங்கள். கம்பியைத் தானே தள்ளிவராத ஒரு குஞ்சையும் வெளியே விடாதீர்கள். தூரத்திலிருந்து சரியாக வந்து சேர்ந்த புறா, உள்ளே நுழையத் தெரியாமல் கூரைமேல் இரவைக் கழித்துப் பூனைக்கு இரையாவது பெரிய கொடுமை.

முதல் நாள், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, மாலைத் தீவனம் போடாமல் திறங்கள். பசியும் மங்கும் வெளிச்சமும் அதிக தூரம் போகவிடாது. கைதட்டி விரட்டாதீர்கள், தானே நடந்து வெளியே வரட்டும். பயத்தில் எழும்பும் குஞ்சு சுற்றுப்புறத்தைக் கவனிக்காமலே பறந்துவிடும். அரை மணி கழித்து டப்பா.

ஆறு ஏழு வார வயதில் கூட்டமாக வட்டமடிக்கத் தொடங்கும். பிறகு ஒரு நாள் மொத்தமாகக் கண்ணுக்கு மறைந்துபோய் அரை மணி கழித்து வரும். பதற வேண்டாம், நீங்கள் காத்திருந்தது இதற்காகத்தான். இப்படி இரண்டு வாரம் போய் வந்தால் கூடையில் ஏற்றலாம்.

கூடையும் தூரமும்

ஓரடி உயரத்துக்கு மேற்படாத, காற்றோட்டமான கூடை. அடியில் வைக்கோல். முதல் இரண்டு இரவு கூடையிலேயே தண்ணீரோடு தூங்கவைத்து, காலையில் கூண்டு வாசலிலேயே திறந்துவிடுங்கள். முந்தின நாள் மாலை பாதித் தீவனம்.

தூரம் இப்படிப் போகட்டும்: 1 கிலோமீட்டர், 3, 5, 10, 15, 25. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று முறை. காலையில், வெயில் தெளிவாக இருக்கும்போது, மின்கம்பியும் உயர்ந்த மரமும் இல்லாத திறந்த இடத்தில் விடுங்கள். இறக்கியவுடன் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் கூடையை வெளிச்சத்தில் வைத்திருங்கள். மூடுபனி, மழை, பலத்த எதிர்க்காற்று, கொதிக்கும் நண்பகல் என்றால் திரும்பிக் கொண்டுவந்துவிடுங்கள், வெட்கமில்லை. மேகம் மூடினால் அனுபவப்பட்ட புறா பூமியின் காந்தப்புலத்தை வைத்துச் சமாளிக்கும். குஞ்சுக்கு அந்தத் தைரியம் கிடையாது.

முதலில் கூட்டமாக விடுங்கள். 5 கிலோமீட்டர் சரளமான பிறகு இரண்டிரண்டாகவும், பிறகு தனித்தனியாகவும், பத்து நிமிட இடைவெளியில். இதை விட்டுவிட்டால் கெட்டிக்காரப் புறா ஒன்றின் வாலைப் பிடித்து வந்தே மற்றவை காலம் தள்ளும், பருந்து கூட்டத்தைக் கலைத்த அன்று அவை தொலையும்.

நேராகப் பறக்கும் புறா மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் போகும். 10 கிலோமீட்டருக்கு முதல் முறை ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, மூன்றாம் முறை அரை மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் தூரத்தைக் கூட்டாதீர்கள், முந்தைய இடத்துக்கே போங்கள். சாதாப் புறாவை 25 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வது என் யோசனை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறப்பது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த ஹோமருக்கு உரியது. இறக்கையின் பெரிய இறகுகள் உதிரும் வாரங்களிலும், குஞ்சுக்கு இரை ஊட்டும் முதல் வாரத்திலும் எந்தப் புறாவையும் ஏற்றாதீர்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து மெலிந்து வந்து சேரும் புறாவுக்கு முதலில் தண்ணீர், அரை மணி கழித்துச் சிறு தானியம் ஒரு பிடி, மறுநாள்தான் முழுத் தீவனம். வாயைத் திறந்து தொண்டையில் மஞ்சள் கட்டி இருக்கிறதா, இறக்கைக்கு அடியில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, மறுபடி 1 கிலோமீட்டரிலிருந்து தொடங்குங்கள்.