டயானாவின் கதையைக் களிமண்ணிலிருந்து தொடங்குங்கள்

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். அவர்கள் அதிகம் கேட்பது வொண்டர் வுமன் கதையைத்தான். 1941 முதல் காமிக்ஸில் வந்துகொண்டிருக்கும் வீரநாயகி அவள்; சொந்தப் பெயர் இளவரசி டயானா. அவளுடைய கதையைச் சொல்ல நினைப்பவர்களுக்கு, நான் சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொண்டது இது.

முதலில் ஒரு பிடி களிமண் வேண்டும். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, நன்றாகப் பிசைந்து வையுங்கள். பெண்கள் மட்டுமே வாழும் ஒரு தீவு. அதன் ராணி ஹிப்போலிட்டாவுக்குப் பிள்ளை இல்லை. மண்ணில் ஒரு குழந்தையைச் செய்தாள், அப்ரோடைட்டி தேவதை அதற்கு உயிர் கொடுத்தாள். அதுதான் டயானா. இதைச் சொல்லும்போது உங்கள் கையும் பொம்மை பிடிக்கட்டும். மூக்கைக் கிள்ளி எடுக்கும்போது சத்தம் போடுகிற பையன்கூட அடங்கிவிடுவான்.

ஒரு நாளைக்கு ஒரு பிறப்பை மட்டும் சொல்லுங்கள். 2011இல் தொடங்கிய காமிக்ஸ் வரிசையில் டயானா மண்ணில் செய்த பிள்ளை இல்லை, கிரேக்கக் கடவுள் ஸியூஸின் மகள். நான் முதல் தடவை இரண்டையும் கலந்துவிட்டேன். “மண்ணுல செஞ்ச பிள்ளைக்கு ஏது டீச்சர் அப்பா?” என்று ஒரு சின்னவள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சிறியவர்களுக்கு மண் கதை மட்டும்தான். பெரிய பிள்ளைகளிடம், காமன் கூத்தைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஒவ்வொரு மாதிரி ஆடுவார்களே, அப்படித்தான் இதுவும் என்பேன். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். காமிக்ஸ் கலைஞர் ஜோர்ஜ் பெரஸ் 1987இல் தொடங்கிய கதையையும் அவர்களுக்குச் சொல்லலாம். அதில், முன்னொரு பிறவியில் கொல்லப்பட்ட கர்ப்பிணிதான் ஹிப்போலிட்டா. அன்று பிறக்காமல் போன சிசுவின் உயிர்தான் அந்த மண்ணுக்குள் வருகிறது.

டயானா கையில் போட்டிருக்கும் காப்புகளை அவசரமாகக் கடக்காதீர்கள். துப்பாக்கிக் குண்டைத் தடுப்பவை என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். கிரேக்கக் கதைகளின் பலசாலி ஹெர்குலிஸ் அந்தத் தீவுப் பெண்களை ஏமாற்றி விலங்கிட்டதையும், மறுபடி ஏமாறக்கூடாது என்ற நினைவுக்காகவே விடுதலைக்குப் பிறகும் கையில் காப்பு கிடப்பதையும் சொல்லுங்கள். கோயிலில் காப்புக் கட்டியதும் விரதம் நினைவில் நிற்கிறதே, அதை நினைவுபடுத்தினால் போதும். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு அம்மா வாசலில் நின்று, கூடையைக்கூட இறக்காமல் இந்த இடத்தைக் கேட்டு முடித்தார்.

அமெரிக்க விமானி ஸ்டீவ் ட்ரெவரின் விமானம் தீவில் விழுவதை இரண்டு வரியில் முடிக்கலாம். அவனை ஊருக்குக் கொண்டுபோக ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைக்கிறார்கள். மகளை அதில் சேர ராணி விடவில்லை. டயானா முகமூடி போட்டு வந்து ஜெயிக்கிறாள். முகமூடியைக் கழற்றும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். எங்கள் வகுப்பில் அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் பிரிவை மெதுவாகச் சொல்வேன், ராணி தன் கையாலேயே மகளுக்கு வொண்டர் வுமன் உடுப்பைக் கொடுத்ததையும் சேர்த்து.

கடைசியில் மீதி மண்ணைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். செய்த பொம்மைகளை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், வெடித்துவிடும். ஜன்னல் ஓரம் ஈரத்துணி மூடி இரண்டு நாள் வைத்துவிட்டு, அப்புறம் திறந்து காயவிடுங்கள்.