ஒழுகிய பழைய ஓட்டுக்கூரையைச் சரிசெய்த விதம்

மார்த்தாண்டம் பக்கம் இடித்த வீடுகளில் வாங்கிய மங்களூர் ஓடுகளை மேய்ந்த கூரை, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கே ஒழுகியது. ஓட்டில் உடைசல் இல்லை. இரண்டு கம்பெனி ஓடுகள் கலந்திருந்தன. அச்சு வேறானால் ஓட்டின் வரம்பு பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் உட்காராது, காற்று சாரலை உள்ளே தள்ளும்.

எல்லாவற்றையும் இறக்கி, அடியில் பதிந்திருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்துப் பிரித்து, சரிவுக்கு ஒரே பெயர் என்று வைத்தேன். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் கீறல், ஒதுக்கிவிடுங்கள். பாசிக்கு நார் பிரஷ் போதும், கம்பி பிரஷ் மேல்தோலை உரித்துவிடும்.

ரீப்பருக்கு (ஓடு மாட்டும் குறுக்குச் சட்டம்) பொதுவாக 12½ அங்குல இடைவெளி என்பார்கள். பழைய ஓட்டுக்கு அதை நம்ப வேண்டாம். தரையில் 11 ஓடுகளை மேலும் கீழுமாகக் கோர்த்து, முதல் ஓட்டின் குமிழிலிருந்து (ரீப்பரில் மாட்டும் அடிப்பக்க முனை) கடைசி ஓட்டின் குமிழ்வரை அளக்கவும்: முழுக்க இழுத்து ஒரு தடவை, நெருக்கி ஒரு தடவை. இரண்டின் சராசரியைப் பத்தால் வகுத்தால் உங்கள் இடைவெளி. பழைய ரீப்பரை அப்படியே விட்டு ஓட்டை மட்டும் மாற்றுவது வீண்வேலை. சரிவு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது.

இறவாணத்தில் (கூரையின் கீழ் ஓரம்) முதல் இரண்டு வரிசையைக் கம்பியால் கட்டுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரம் என்றால் செம்புக் கம்பி. இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்துவிடும்.