கட்டைவிரல் முதலில்: 1928 இசைத்தட்டு ஒன்றிலிருந்து கிதார் கற்பது எப்படி

என் வலது கை மோதிரவிரல் நடு மூட்டில் மடங்காது. பத்தொன்பது வயதில் கார் கதவில் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, மூட்டு இறுகிப்போனது. அதற்கு முன் மூன்று வருஷம் கிளாசிக்கல் கிதார் கற்றிருந்தேன். அந்த முறையில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் நான்கும் ஒரே சீராக ஓட வேண்டும். கட்டுப் பிரித்ததும் வகுப்புக்குப் போனேன். ஆசிரியர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கஷ்டம்தான் தம்பி" என்றார். கிதாரை உறையில் போட்டுப் பரண் மேல் ஏற்றினேன். ஏழு வருஷம் அங்கேயே கிடந்தது.

அதைக் கீழே இறக்க வைத்தது ஒரு எல்பி இசைத்தட்டு. அமெரிக்கக் கறுப்பினப் புளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிய பாட்டுகளின் மறுவெளியீடு. பதின்மூன்று பாட்டு, ஒரே குரல், ஒரே கிதார். கொடுத்த நண்பன், "இந்த ஆள் மூணு விரல்லதான் வாசிக்கிறார்" என்றான். நான் நம்பவில்லை. அந்தத் தட்டில் அடியில் ஒரு கிதார் நடந்துகொண்டே இருக்கிறது, மேலே இன்னொன்று பாடுகிறது. பிறகு ஹர்ட் கடைசிக் காலத்தில் வாசித்த வீடியோவைப் பார்த்தேன். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் வேலை செய்கின்றன. மோதிரவிரலும் சுண்டுவிரலும் கிதாரின் பலகை மேல் ஊன்றியபடி சும்மா கிடக்கின்றன. என் கையைப் பார்த்தேன். அன்று ராத்திரியே பரணில் ஏறினேன்.

அது நடந்து இருபத்துமூன்று வருஷமாகிறது. அந்தத் தட்டு இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இதைக் கேட்டு வாசிக்கக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் போன வழியைச் சொல்கிறேன். நான் சுற்றி வளைத்துப் போன இடங்களை நீங்கள் நேராகக் கடக்கலாம்.

முதல் வாரம் கிதாரைத் தொடாதீர்கள். தட்டை மட்டும் கேளுங்கள். பதின்மூன்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாளில் நாலைந்து தடவை கேளுங்கள். நான் எடுத்தது 'லூயிஸ் காலின்ஸ்'. ஒரு கொலையைப் பற்றிய பாட்டு. சுடப்பட்டவனின் அம்மா அழுகிறாள், ஊரே துக்கத்தில் இருக்கிறது. ஆனால் மெட்டு தாலாட்டு மாதிரி மிருதுவாக ஓடுகிறது. புளூஸ் என்றால் புலம்பல் என்று நினைத்துக் கேட்க உட்கார்ந்தால் இந்தப் பாட்டு பிடிபடாது. ஹர்ட் தன் ஊர்ப்பக்கத்து நடன விருந்துகளில் வாசித்தவர். கால்கள் ஆட வேண்டும் என்பதற்காகப் பழகிய கை அது. துக்கச் செய்தியைச் சொல்லும்போதும் அந்தக் கை தன் நடையை மாற்றுவதில்லை. எனக்கு இந்தத் தட்டிலேயே பெரிய விஷயம் இதுதான்.

கேட்கும்போது இரைச்சல் தொந்தரவு செய்யும். அதை முதலிலேயே சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்கில் கல்தூள் கலந்து வார்த்தவை. எஃகு ஊசி ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பள்ளத்தைக் கொஞ்சம் தேய்த்துவிடும். நாம் இன்று கேட்கும் பழைய புளூஸ் பதிவுகளில் பல, யாரோ வீட்டில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டிலிருந்து எடுத்தவை. இரைச்சலை மென்பொருளால் துடைத்தெடுத்த வெளியீடுகளும் இருக்கின்றன. அளவோடு செய்தால் சரி. அதிகமானால் விரல் தந்தியை விட்டு விலகும் அந்தச் சின்ன 'டிக்' சத்தமும் சேர்ந்து போய்விடும். நமக்கு வேண்டியதே அதுதான். அதனால் கொஞ்சம் இரைச்சலோடு இருக்கிற வெளியீட்டையே தேடுங்கள். ஹெட்போன் வேண்டாம், ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். ட்ரெபிளைச் சற்றுக் குறையுங்கள். மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இந்தத் தட்டுகளில் இசை பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஸ்டீரியோவாக ஓட்டினால் மேலும் கீழுமான அசைவில் இருக்கும் தூசியும் கீறலும் கூடுதலாக வந்து சேரும், இசை கூடாது. மூன்றாவது நாளில் காது இரைச்சலைத் தள்ளிவைக்கக் கற்றுவிடும்.

யாராவது உண்மையான 78 தட்டையே கொடுத்தால் இரண்டு விஷயம் போதும். எல்பி ஊசியில் ஓட்டாதீர்கள், 78-க்கென்று இருக்கும் அகல ஊசியை வாங்குங்கள். ஆல்கஹால் கலந்த எதையும் கொண்டு துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

இரண்டாவது வாரம் கட்டைவிரலை மட்டும் கேளுங்கள். குரலையும் மெட்டையும் விட்டுவிட்டு அடியில் நடக்கும் அந்தக் கனத்த சத்தத்தைப் பிடியுங்கள். தாழ்ந்த தந்தி ஒன்று, அதைவிடச் சற்று உயர்ந்த தந்தி ஒன்று என்று மாறி மாறி விழும். மேஜை மேல் உங்கள் கட்டைவிரலால் கூடவே தட்டுங்கள். பாட்டின் நடுவே ஒரு தடவைகூடத் தவறாமல் கடைசிவரை தட்ட முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு ஆறு நாள் ஆனது.

இப்போது கிதாரை எடுக்கலாம். ஸ்டீல் தந்தி கிதார், வெறும் விரல். ஹர்ட் விரலில் பிக் (தந்தியை மீட்ட மாட்டும் செயற்கை நகம்) மாட்டுவதில்லை. ட்யூனர் கருவியை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டுக்கே சுருதி சேருங்கள். அந்தக் காலத்தில் தட்டு சுழன்ற வேகம் எல்லாப் பதிவிலும் துல்லியமாக 78 என்று இருந்ததில்லை. கிதார் எந்தச் சுருதியில் இருந்தது என்பதும் பாட்டுக்குப் பாட்டு மாறும். நான் மூன்று மாதம் ட்யூனருக்கு ஒத்துவைத்துக்கொண்டு, தட்டோடு ஏன் ஒட்டவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். ஒட்டாததற்குக் காரணம் அதுதான்.

'லூயிஸ் காலின்ஸ்' சி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வடிவில் இருக்கிறது. சி பிடியுங்கள். கட்டைவிரலால் ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி. இவ்வளவுதான். இது கைக்கு வந்ததும் ஐந்து, நான்கு, ஆறு, நான்கு என்று மாற்றுங்கள். ஆறாம் தந்திக்குப் போகும்போது இடது கை மோதிரவிரல் மூன்றாம் ஃப்ரெட்டிலேயே (கிதார் கழுத்தின் குறுக்குக் கட்டம்) ஐந்திலிருந்து ஆறுக்குத் தாவ வேண்டும், திரும்பி வர வேண்டும். மற்ற இரண்டு விரலும் அசையக் கூடாது. முதல் நாள்களில் இந்தத் தாவலில் தாளம் தடுக்கும். தடுக்காத அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். எவ்வளவு குறைத்தாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கட்டைவிரல் அரைகுறையாக ஓடும்போதே மெட்டை ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றியதும் கட்டைவிரல் மெட்டின் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது. ஒரு சோதனை சொல்கிறேன். கட்டைவிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சு நின்று யோசிக்கும் இடத்திலும் கட்டைவிரல் நிற்காமல் போனால் தயார். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

அந்த ஐந்து வாரமும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம். ராத்திரியில் அவருக்குத் தூக்கம் வராது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சத்தம் குறைவாக, சி கார்டில் கட்டைவிரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பேன். அரைமணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். ஒருநாள் கண்ணை மூடியபடியே கேட்டார்: "பாட்டு எங்கடா?"

"வரும்மா."

"சரி, வரட்டும். நிறுத்தாத."

அதற்கப்புறம்தான் அந்த நடையில் ஒரு அவசரமின்மை வந்தது. அதுவரை நான் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒருத்தருக்காக வாசித்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் கிடைத்தால், கட்டைவிரல் பாடத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

மெட்டுக்கு வருவோம். கேட்கும்போது சிக்கலாகத் தெரியும். அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது: மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டே இடம்தான். ஒன்று, கட்டைவிரலோடு சேர்ந்தே விழும், கிள்ளுவது போல. இல்லையென்றால், இரண்டு கட்டைவிரல் அடிகளுக்குச் சரியாக நடுவில் விழும். ஒவ்வொரு சுரத்துக்கும் "கூடவா, நடுவிலா?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஒரு நோட்டில் கட்டைவிரல் அடிகளை வரிசையாகப் புள்ளி வைத்து, மேலே மெட்டைக் கோடு போட்டுக் குறித்தேன். முதல் நாலு அடிக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது. 'நடுவில்' விழும் சுரங்கள்தான் ஹர்டின் அழகு. பாடும் குரல் அடிக்குச் சற்று முன்பே எட்டிப் பார்ப்பது போல இருக்கும். அவற்றை அடியோடு சேர்த்து வாசித்துவிட்டால் மெட்டு சரியாகவே இருக்கும், உயிர் இருக்காது.

பிரித்துக் கேட்க வேகத்தைக் குறைக்க வேண்டும். என்னிடம் இருந்த பழைய டர்ன்டேபிளில் 16 என்றும் ஒரு வேகம் இருந்தது. எல்பியை அதில் ஓட்டினால் பாதி வேகம், ஒரு ஸ்தாயி கீழே. ஹர்டின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும், ஆனால் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரியும். இன்று சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன. எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் சத்தம் குழையும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் டேப் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கும், அவற்றைச் சந்தேகம் தீர்க்க மட்டும் பாருங்கள். முதலிலேயே அதைத் திறந்தால் காது வேலை செய்யாது.

இன்னொரு உதவி ஹர்டே விட்டுப்போயிருக்கிறார். 1960-களில் அவர் அதே பாட்டுகளை மறுபடி பதிவு செய்தார். இரைச்சல் கிடையாது, நடையும் 1928-ஐவிட நிதானம். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

ஹர்ட் மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற குக்கிராமத்தில் வயல் வேலை செய்து வாழ்ந்தவர். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார ஃபிடில் கலைஞர் வில்லி நார்மர் சொல்லித்தான் ஓகே நிறுவனத்தின் டாமி ராக்வெல் அவரைக் கேட்டார். 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் எட்டுப் பாட்டு பதிவானது, இரண்டுதான் வெளிவந்தது. டிசம்பரில் நியூயார்க்குக்கு அழைத்தார்கள். ஊர் நினைப்போடு பாடிய 'அவலான் புளூஸ்' அப்போது பதிவானதுதான். தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. பொருளாதார மந்தம் வந்தது. அவர் வயலுக்கே திரும்பினார். 1952-இல் ஹாரி ஸ்மித் தொகுத்த நாட்டுப்புற இசைத் தொகுப்பில் அவருடைய இரண்டு பாட்டுகள் இடம்பெற்றன. 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், 'அவலான் புளூஸ்' பாட்டில் வரும் ஊர்ப்பெயரையே துப்பாகக் கொண்டு அவலானுக்குப் போனார். ஹர்ட் அங்கேதான் இருந்தார். வயது எழுபதை ஒட்டி. சொந்தமாகக் கிதார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் கொண்டுபோன கிதாரில் வாசித்துக் காட்டினார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 1966 நவம்பரில் இறந்தார்.

முப்பத்தைந்து வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். குரல் தடித்திருக்கிறது, வேகம் இறங்கியிருக்கிறது. கட்டைவிரல் மட்டும் அதே ஆள்தான். நான் 1960-களின் பதிவில் விரல்களைக் கற்றுக்கொண்டு, 1928-க்குத் திரும்பி வந்து வேகத்தையும் துள்ளலையும் எடுத்தேன். இந்த வரிசையைத்தான் உங்களுக்கும் சொல்வேன்.

ஒரு பாட்டு முழுசாக வந்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். ஒரு மாதம் அதையே வாசியுங்கள். பாடிக்கொண்டே வாசிக்கப் பாருங்கள், முடியாவிட்டால் முணுமுணுத்தாலும் போதும். குரல் சேரும்போது மெட்டின் சில சுரங்களைக் கை தானாகவே விட்டுவிடும். விடட்டும். ஹர்டும் ஒவ்வொரு சரணத்திலும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் நான் அந்தத் தட்டில் முழுசாகக் கற்றது ஏழு பாட்டு. மீதி ஆறுக்கு அவசரமில்லை.

போன மாதம் என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், பதினோரு வயது. தட்டு ஓடிக்கொண்டிருந்தது. பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா?"

"ஒருத்தர்தான்மா. மூணு விரல்."

கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்தாள். என் வலது கையை எடுத்து மடங்காத விரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் நோட்டுப் புத்தகத்தின் மேல் ஊன்றிக்கொண்டு, கட்டைவிரலால் மேஜையில் தட்ட ஆரம்பித்தாள். பாட்டு பாதியில் இருந்தது. முடியும்வரை நான் எதுவும் பேசவில்லை.